மனிதவள மேலாளரின் பழகுதிறன்கள்

மனிதவள மேலாளரின் பழகுதிறன்கள் எனப்படுபவை, நிறுவனத்தின் நிர்வாகத்துக்கும் பணியாளர்களுக்கும் இடையே நின்று பணியாற்றுபவருக்குத் தேவையான செவிமடுத்தல், உண்மையை எடுத்துரைத்தல், நடுநிலை, இரகசியம் காத்தல், இணக்கப் பேச்சு ஆகிய திறன்கள் ஆகும். ஆளெடுப்பு, ஊதியக் கணக்கு, தொழிற்சட்டம் ஆகியவற்றை நூல்கள் வழியே கற்கலாம். பழகுதிறன்களோ பெரும்பாலும் களப்பயிற்சியால் அமைகின்றன.

வரலாறு

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்க நிர்வாகத்தில் முறையான வழி இல்லாத காலம் அது. மதிய உணவு இடைவேளை போதாமையும் மேற்பார்வையாளர்களின் கடுமையும் அவர்களது குறைகளுள் அடங்கும். 1931இல் அறிக்கை அளித்த தொழிலாளர் அரச ஆணையம், ஆலைகளில் தொழிலாளர் அலுவலர்களை அமர்த்தப் பரிந்துரைத்தது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அதற்குப் பின்னரே அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் மிதிவண்டி ஆலை, கனரக ஊர்தித் தொழிற்சாலை, தொழிற்பேட்டை ஆகியன அமைந்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி இவ்வரம்பு 250 ஆகும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடங்களில் குறைதீர் குழுவும் அமைக்கப்பட வேண்டும். இதில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இடம்பெறுவர்.

முதன்மைத் திறன்கள்

செவிமடுத்தல்: சொல்லப்படும் குறைக்குப் பின்னால் வேறொரு குறை இருக்கக்கூடும். தொடர்ந்து தாமதமாக வரும் தொழிலாளியின் சிக்கல், சோம்பலாக இல்லாமல், மாற்றப்பட்ட பேருந்து நேரமாக இருக்கலாம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டறிவது மேலாளரின் பணியாகும்.

எடுத்துரைத்தல்: பணியாளர் அறியும் மொழியில், உரிய நேரத்தில், தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லுதல். வடமாநிலத் தொழிலாளர்கள் மிகுந்துள்ள அம்பத்தூர் போன்ற பகுதிகளில் தமிழ் அறிவிப்பு மட்டும் போதுமானதன்று.

நடுநிலை: உள்விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம் தரப்பைச் சொல்லவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்பளிக்க வேண்டும். முடிவை முன்பே எடுத்துவிட்டு நடத்தும் விசாரணை சட்டத்தின் முன் நிற்காது.

இரகசியம் காத்தல்: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், புகார் அளித்தவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது.

இணக்கப் பேச்சு: ஊதிய உடன்பாடுகளில் இரு தரப்பினரும் மதிப்பிழக்காமல் விட்டுக்கொடுக்க வழி காணுதல்.

பூந்தமல்லி விடுதி நிகழ்வு

இத்திறன்களின் இன்றியமையாமையை 2021 திசம்பரில் நடந்த நிகழ்வு காட்டுகிறது. சுங்குவார்சத்திரத்தில் உள்ள பாக்சுகான் கைப்பேசித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் பலர் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்தனர். அங்கு உணவு நஞ்சானதால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களது நிலை குறித்து உடன் பணியாற்றியோருக்குத் தெளிவான தகவல் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது.

திசம்பர் 17 இரவு தொடங்கி, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் ஈடுபட்டனர். இறப்புச் செய்தி உண்மையன்று என்பது பின்னர் தெளிவுபடுத்தப்பட்டது. எனினும் மூடப்பட்ட ஆலை 2022 சனவரி 12 அன்றே மீண்டும் இயங்கத் தொடங்கியது. தொலைவிலுள்ள சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என ஆப்பிள் நிறுவனம் அறிவித்து, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

கெட்டுப்போன உணவு மட்டுமே மறியலுக்குக் காரணமன்று. கேட்ட கேள்விக்கு நம்பத்தக்க விடை வராததும் காரணமாகும். பணியாளரின் விடுதி ஆலையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தாலும், ஒப்பந்ததாரர் நடத்துவதாயினும், அங்கு எழும் குறை மனிதவள மேலாளரின் செவிக்கு எட்ட வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கல்வி

1952இல் நிறுவப்பட்ட சென்னை சமூகப்பணிக் கல்லூரியும், தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையமும் இத்துறைக்கான பட்டப்படிப்புகளை வழங்குகின்றன. ஆலைகளில் பெறும் களப்பயிற்சியின்போது, மாணவர்கள் தொழிலாளர்களுடன் நேரில் பேசி இத்திறன்களை வளர்த்துக்கொள்ள இயலும்.

இவற்றையும் பார்க்க

மனிதவள மேலாண்மை
தொழிற்சங்கம்
அம்பத்தூர் தொழிற்பேட்டை