சேற்றின் சாட்சி

புதூர்நாட்டு மலையாளிப் பழங்குடியினரைப் பார்த்து, "காட்டை எரிச்சு அழிச்சதே நீங்கதானே" என்று கீழ்நாட்டுக்காரன் இன்றைக்கும் கூசாமல் சொல்கிறான். கொத்துக்காடு போட்டார்களாம், புதரை வெட்டிக் கொளுத்திச் சாமை விதைத்தார்களாம், அதனால் மலை மொட்டையாச்சாம். எம்.ஏ. வகுப்பில் இதே காரியத்தைத்தான் தினைப்புனம், குறிஞ்சி என்று ரசித்துப் படித்துப் பரீட்சை எழுதினேன். பாட்டில் இருந்தால் திணை. சவ்வாது மலையில் செய்தால் குற்றம். 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. அதன்பின் அரசாங்க ஏட்டிலும் அது குற்றமாயிற்று.

கல்வெட்டும் கெசட்டியரும் அவர்கள் கையில். சரி, மண்ணைக் கேட்போம்.

நீலகிரியில் இதே பழி தோடர் மேலும் படகர் மேலும் விழுந்தது. சோலையை எரித்ததால்தான் புல்வெளி வந்தது என்று வாதித்தவர்கள் உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா சதுப்பு. செத்த புல்லும் இலையும் நீருக்குள் முழுக்க மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கருஞ்சேறாகக் கிடக்கும் இடம். ஆழம் போகப்போகக் காலம் பின்னால் போகும். ஆர்.சுகுமாரும் கூட்டாளிகளும் அந்தச் சேற்றுக்கு ரேடியோ கார்பன் முறையில் வயது கணித்து, 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மரம் கார்பனை வாங்கும் விதம் வேறு, வெப்பநாட்டுப் புல் வாங்கும் விதம் வேறு. சேற்றிலுள்ள கார்பன்-13 அளவு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். சுமார் 20,000 - 18,000 வருஷங்களுக்கு முன், பனியுக வறட்சியில், அங்கே புல்தான் மேலோங்கியிருந்தது. சுமார் 10,000 வருஷத்துக்கு முன் பருவமழை வலுத்தபோது மரவகை பெருகியது. பிறகு மறுபடி வறட்சி, மறுபடி புல். தென்னாட்டில் மாடு மேய்ப்பு தொடங்கியே சுமார் 5,000 வருஷம்தான். அப்புறம் யார் எரித்து வந்த புல் அது?

மனுஷன் கையே படவில்லை என்று சொல்ல வரவில்லை. தீயும் மேய்ச்சலும் இருந்திருக்கும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சீகையும் கற்பூர மரமும் புல்வெளியைத் தின்றதே, அதற்குப் பெயர் காடு வளர்ப்பு! சதுப்பை வடித்து உருளைக்கிழங்கு போட்டார்கள். சாண்டிநல்லாவிலேயே நீர்த்தேக்கம் வந்துவிட்டது.

நீலகிரிச் சேறு புதூர்நாட்டுக்குச் சாட்சி சொல்லாது. உயரம் வேறு, மழை வேறு, காடு வேறு. இங்கே கேட்க வேண்டியது இங்குள்ள ஓடைப் பள்ளத்தையும் ஏரியடியையும்தான். எந்த அடுக்கில் கரித்தூள் கூடுகிறது, எந்த அடுக்கில் மலைமண் திடீரென்று தடிமனாக வந்து விழுகிறது, அது கொத்துக்காட்டுக் காலமா, கூப்பு விட்டு மரம் வெட்டிய காலமா என்று பிரித்துப் பார்க்கலாம். சந்தனமும் சாமை விதைத்தவனாலா போயிற்று?

தூர் வாரினால் இந்த அடுக்குகள் கலைந்துபோகும். பொக்லைன் இறங்குமுன், ஒரு குழாயை இறக்கி, உருவி எடுத்த சேற்றை அடுக்குக் குலையாமல் பத்திரப்படுத்தச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்கிறேன்.