தடயவியல் கதிரியக்கவியல்

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு குற்றங்களை ஆராய்வதும், இறந்தவர் யாரெனக் கண்டறிவதும் இத்துறையின் வேலை. ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். சில மாதங்களுக்குள் அது நீதிமன்றப் படியேறிவிட்டது.

கனடாவின் மான்ட்ரியால் நகரில், 1895 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஓர் இளைஞரின் காலில் குண்டு பாய்ந்தது. மருத்துவர்கள் துழாவிப் பார்த்தும் அகப்படவில்லை. புண் ஆறியது, வலி ஆறவில்லை. பிப்ரவரியில் மக்கில் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜான் காக்ஸ் அந்தக் காலைப் படம்பிடித்தார். முக்கால் மணி நேரம் கதிர் பாய்ச்ச வேண்டியிருந்தது. கதிர்வீச்சின் அபாயம் அன்று யாருக்குத் தெரியும்? முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த குண்டு படத்தில் விழுந்தது. அதை எடுத்துவிட்டார்கள். படமோ வழக்கில் சான்றாயிற்று. சுட்டவருக்கு 14 ஆண்டு சிறை.

ஆளை அடையாளம் காட்டும் வேலை பிறகு வந்தது. இந்தியாவில் இறந்து, சிந்து நதியில் உடல் கிடைத்த ஓர் அமெரிக்கரின் மண்டையோட்டுப் படத்தை, அவர் உயிரோடிருந்தபோது எடுத்த படத்துடன் ஒப்பிட்டு, அவர்தான் என்று கல்பர்ட், லா என்னும் மருத்துவர்கள் 1927இல் அறிவித்தனர். இப்படி ஒப்பிட முடிவதற்குக் காரணம் உண்டு: நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளின் ஓரம் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே சாயலுள்ள இரட்டையரிடமும் ஒன்றுபோல் இராது. 1949இல் டொரான்டோ துறைமுகத்தில் நொரோனிக் கப்பல் எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, கருகிய உடல்கள் பலவற்றுக்கு பழைய எக்ஸ்ரேயுடன் ஒப்பிடும் முறையே பெயர் கொடுத்தது. ஒரே சிக்கல்: பழைய படம் இருந்தாக வேண்டும்.

உயிரோடிருப்பவருக்காகவும் எக்ஸ்ரே பேசியிருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜான் காஃபி 1946இல் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார்: மூளை உறைக்கடியில் இரத்தக் கசிவு, கூடவே கை கால் எலும்பு முறிவுகள், காரணம் சொல்ல ஆளில்லை. பெற்றோரே அடிக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் வெளிப்படையாகப் பேச 1962 வரை ஆனது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபரும் மைக்கேல் தாலியும் 1990களின் பிற்பகுதியில் ஸ்கேன் கொண்டு செய்யும், கத்தி வைக்காத பிரேதப் பரிசோதனைக்கு வழி வகுத்தனர். டெல்லி எய்ம்ஸில் அத்தகைய மையம் 2021இல் திறக்கப்பட்டது. உடலை அறுக்காமல் தரக் கேட்கும் உறவினர்களுக்கு இது பெரிய ஆறுதல். எலும்பு முறிவையும் குண்டையும் சி.டி. எளிதில் தப்பவிடாது. மாரடைப்பு, நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பு என்று வரும்போதுதான் தடுமாறுகிறது: பிரிட்டனில் 182 மரணங்களை ஸ்கேனிலும் அறுத்தும் பார்த்து 2012இல் வெளியான ஆய்வில், ஸ்கேன் பிசகிய இடங்களில் இவை முக்கியமானவை.