‘தன்’ என்னும் சொல்லும் சேர்வராயன் மலை வரலாறும்

சேர்வராயன் மலையின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. லெ பானு 1883-இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918-இல் வெளியிட்ட சேலம் மாவட்ட விவரச்சுவடியும் அவற்றுள் தலையாயவை. தமிழில் ஏற்காட்டைப் பற்றி எழுதுவோர் இத்தகைய நூல்களையே பெரிதும் மொழிபெயர்த்துத் தருகின்றனர். அம்மொழிபெயர்ப்புகளில் ஊர்ப்பெயர் பிழைபடுதல் குறைவு. ஆண்டு பிழைபடுதலும் குறைவு. பிழைபடுவது ‘ஹிஸ்’ என்னும் ஒரு சிறு சொல்லேயாம். அச்சொல் தமிழில் ‘தன்’ என்றோ ‘தமது’ என்றோ வந்து அமரும்போது, மூலத்தில் இல்லாத ஓர் உரிமை வரலாற்றினுட் புகுந்துவிடுகின்றது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தில் கதையும் வரலாறும் கூறுவார் மிகுதியாக ஆளும் தொடரமைப்பு ஒன்றுண்டு. இறந்தகால வினை முன்னும், உடைமைச்சொல் ஏற்ற செயப்படுபொருள் அதன் பின்னும், இடம் முதலியவற்றைக் குறிக்கும் முன்னிடைச்சொற்றொடர் இறுதியிலும் நிற்கும். ‘ஹீ பில்ட் ஹிஸ் ஹவுஸ் ஆன் த ஹில்’ என்பது போல்வன காண்க. ஹார்ன்பி 1954-இல் வெளியிட்ட நூலில் ஆங்கில வினைத்தொடர்களை 25 கோலங்களாகப் பகுத்தார். வினை, பெயர், முன்னிடைச்சொல், பெயர் என இம்முறையில் நிற்கும் கோலமும் அவற்றுள் அடங்கும். வகுப்பறையில் இதனை எளிய பாடமாகவே கற்பிக்கின்றோம். எளிமை மாணாக்கர்க்கே, வரலாற்றாசிரியனுக்கு அன்று.

முதற்கண் நோக்கத்தக்கது, ஆங்கிலத்தில் ‘ஹிஸ்’ எப்பொழுதும் உடைமையைக் குறிப்பதில்லை என்பதாகும். எண்ணத்தக்க ஒருமைப் பெயர் அம்மொழியில் பொதுவாகத் தனித்து நிற்பதில்லை. அதன் முன் ஏதேனும் ஒரு சுட்டோ அடையோ வேண்டும். அவ்விடத்தை நிரப்புதற்கே பல வேளை ‘ஹிஸ்’ வருகின்றது. ஒருவன் கையைச் சட்டைப்பையில் இட்டான் என்று நாம் கூறுவதை ஆங்கிலேயர் ‘தன் கையைத் தன் சட்டைப்பையில் இட்டான்’ என்னும் பொருள்படவே கூறுவர். தமிழில் அவ்வாறு கூறினால், பிறர் கையையோ பிறர் பையையோ விலக்குதற்காக அழுத்திக் கூறியதாகப் படும். இக்காலக் கதைகளில் ‘அவன் தன் தலையை அசைத்தான்’ என்னும் நடை பெருகியது ஆங்கிலத்தின் சாயலால் என்பது நம் கருத்து. யாருடைய தலையை அவன் அசைப்பான்?

நம் இலக்கண நூலார் இவ்விடத்தில் நமக்குப் பெருந்துணையாவர். ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை என்றும் பிறிதின் கிழமை என்றும் அவர் இருவகைப்படுத்தினர். உறுப்பும் பண்பும் போலப் பொருளினின்று பிரிக்கவியலாதன தற்கிழமை. நிலமும் வீடும் போலக் கைமாறக்கூடியன பிறிதின் கிழமை. ஆங்கிலத்தில் ‘ஹிஸ் ஹேண்ட்’ என்பதற்கும் ‘ஹிஸ் லேண்ட்’ என்பதற்கும் வடிவில் வேற்றுமை இல்லை. கை ஒருவனுடையது என்பதற்குச் சான்று வேண்டுவதில்லை. நிலம் ஒருவனுடையது என்பதற்குச் சான்று வேண்டும். ஒரே வடிவம் இரண்டிற்கும் நிற்பதால், சான்று வேண்டுவது சான்று வேண்டாதது போலத் தோன்றுகின்றது.

அடுத்தது ‘தன்’ என்பதற்கும் ‘அவன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ‘தான்’ என்பதைத் தற்சுட்டுப் பெயராகக் கொண்டு ஆராய்ந்தார். ‘அவன் தன் நிலத்தில் பயிரிட்டான்’ என்றால் நிலம் எழுவாய்க்கு உரியது. ‘அவன் அவனுடைய நிலத்தில் பயிரிட்டான்’ என்றால் பிறன் ஒருவனுக்கு உரியதாகவும் கொள்ளக் கிடக்கின்றது. ஆங்கில ‘ஹிஸ்’ இரண்டிற்கும் பொது. ஆகவே மொழிபெயர்ப்பாளன் ‘தன்’ என்று எழுதும் ஒவ்வோரிடத்தும், அறிந்தோ அறியாமலோ, உரிமை வழக்கொன்றில் தீர்ப்புக் கூறிவிடுகின்றான். நாமும் ஒருகால் மாணாக்கர்க்குப் பாடம் ஆயத்தம் செய்கையில் ‘தமது நிலத்தில் காப்பி பயிரிட்டார்’ என்று எழுதி, பின்னர் அந்நிலம் எப்பொழுது, யாரிடமிருந்து அவரது ஆயிற்று என்று ஒரு மாணாக்கர் வினவ, விடை கூற இயலாது நின்றோம்.

அவ்வினா சேர்வராயன் மலையைப் பொறுத்தவரை வெறும் இலக்கண வினா அன்று. 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பியைக் கொணர்ந்தவர் எனப் போற்றப்படுகின்றார்; பேரியும் ஆப்பிளும் அவர் முயற்சியாலேயே இங்கு வந்தன என்பர். அவர்க்குப் பின் தோட்டக்காரர் பலர் வந்தனர். ஆனால் அவர்கள் வருமுன்னரே மலையில் ஊர்கள் இருந்தன. மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் அங்கு வாழ்ந்தனர். பெயரொப்புமை கண்டு இவர்களைக் கேரளத்தாரோடு இணைத்தல் தவறு. இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளிற் குடியேறினர் என்பது அவர்களிடை வழங்கும் மரபுக்கதை. சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றை அவர்கள் விளைத்தனர். ஏர் செல்லும் நிலம் உழவுக்காடு. ஏர் செல்லாச் சரிவில் கொத்திப் பயிரிடுவது கொத்துக்காடு. கொத்துக்காட்டைச் சில ஆண்டு பயிரிட்டபின் மண் தேறுதற்பொருட்டு விட்டுவைத்து, வேறிடம் சென்று, மீண்டும் வருதல் வழக்கம். சங்க இலக்கியத்தில் குறிஞ்சிப் புனத்தைக் கற்றார்க்கு இது புதுமையன்று.

இங்கேதான் இறந்தகால வினை இடர் விளைக்கின்றது. ‘தே லெஃப்ட் தெயர் லேண்ட் ஆன் த ஸ்லோப்’ என்று ஒருவர் எழுதினார் எனக் கொள்வோம். (இது நாம் அமைத்த எடுத்துக்காட்டேயன்றி ஆவணத் தொடர் அன்று.) தமிழில் இதற்கு மூன்று மொழிபெயர்ப்புகள் தகும். ‘சரிவிலிருந்த நிலத்தை விட்டுவைத்தனர்’ என்றால் உரிமை நீங்கவில்லை. ‘விட்டுவிட்டனர்’ என்றால் ஐயத்திற்கிடம். ‘விட்டு நீங்கினர்’ என்றால் நிலம் தரிசு. பிறர் கேட்டுப் பெறலாம். ஆங்கில வினை இம்மூன்றனுள் எதனையும் தெரிந்து கூறவில்லை. இறுதியில் நிற்கும் இடத்தொடரும் வினையைத் தழுவுமோ பெயரைத் தழுவுமோ என்பது தெளிவில்லை: சரிவிலிருந்த நிலத்தை விட்டனரா, நிலத்தைச் சரிவிலேயே விட்டனரா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரசு நோக்கில், பயிர் காணாத நிலம் பெரும்பாலும் தரிசே. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் ஒதுக்குக்காடுகளில் இத்தகைய வேளாண்மையைக் கட்டுப்படுத்திற்று. விட்டுவைத்தலுக்கும் விட்டு நீங்குதலுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு துணைவினையின் அளவே குடிகளுக்கும் நிலத்துக்கும் இடையில் எஞ்சியிருந்தது எனலாம்.

இதனொடு நம் கல்வெட்டுகளின் விற்பனை வாசகத்தை ஒப்பிட்டுக் காண்க. சோழர்காலச் சபையார் நிலம் விற்குங்கால் விற்பவரே தன்மையில் நின்று பேசுவர், நான்கெல்லை கூறுவர், பொருள் கொண்டமை கூறுவர், இறுதியில் ‘விற்றுக்குடுத்தோம்’ என்னும் முற்றால் முடிப்பர். அவ்வினையின் ‘ஓம்’ ஈற்றுள் விற்றவர் நிற்கின்றார். நாம் மேற்கூறிய ஆங்கிலக் கோலத்தில் எழுவாய் பெற்றவர், செயப்படுபொருள் பெற்றவருடையது, இடம் மலை. கொடுத்தவர்க்கு அத்தொடரில் இடமே இல்லை. ‘பாட் ஹிஸ் லேண்ட்’ என்பதை ‘தன் நிலத்தை வாங்கினான்’ என்று பெயர்த்தால் தமிழ்ச்செவி உடனே மறுக்கின்றது. தன் நிலத்தை ஒருவன் எவ்வாறு வாங்குவான்? ‘நிலத்தை இன்னாரிடம் வாங்கித் தனதாக்கிக்கொண்டான்’ என்று எச்சமும் முற்றுமாகப் பிரித்தாலன்றித் தொடர் அமைவதில்லை. பிரித்த அளவிலே ‘இன்னார்’ யார் என்ற வினாவும் எழுந்துவிடுகின்றது.

ஆங்கில ஆவணங்கள் எல்லாம் உண்மையை மறைக்கக் கருதி எழுதப்பட்டன என்று நாம் கூறவில்லை. பல இடங்களில் ‘ஹிஸ்’ வெறும் அடையே. அதனைக்கொண்டு தோட்டக்காரர்மேற் பழி சுமத்துதலும் ஆராய்ச்சி ஆகாது. பட்டாவோ குத்தகைச் சீட்டோ கிடைக்குமிடத்து ‘தமது’ என்று எழுதுக. கிடையாதவிடத்து ‘தோட்டத்தில் பயிரிட்டார்’ என்ற அளவில் நிறுத்துக. தமிழ்த்தொடர்க்கு அதனாற் குறைவொன்றும் இல்லை.

மலையாளி என்னும் பெயரையும் ஆங்கில நூல்கள் மலைவாழ்நர் என்ற பொருள்படவே பெரும்பாலும் விளக்குகின்றன. ‘ஆளி’ என்பது ஆளுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. மலையாளி, மலையை ஆள்பவன் என விரியும். வாழ்தற்கும் ஆளுதற்கும் உள்ள வேறுபாடு அகராதி காண்பார் அறிவதே. அப்பெயர் எக்காலத்தையும் காட்டவில்லை. அதனை இறந்தகாலத்தாற் பெயர்த்தற்குச் சொல்லிலக்கணத்தில் இடமில்லை.