டாப்சோன்

தொழுநோய்க்குத் தரப்படும் சல்போன் வகை மருந்து. கிருமியின் ஃபோலேட் ஆக்கத்தைத் தடுப்பது இதன் முதல் வேலை. நோயாளியின் வெள்ளணுக்கள் உண்டாக்கும் வினைமிகு ஆக்சிஜன் பொருள்களையும் இது பாதிக்கிறது.

1908இல் ஜெர்மனியில் உருவான இச்சேர்மத்தின் கிருமிக்கொல்லித் திறன் 1937இல்தான் தெரியவந்தது. 1940களில் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் இதைத் தொழுநோயாளிகளுக்கு ஊசிவழி கொடுத்துப் பார்த்தார். அதற்குமுன் இருந்தது நீரடிமுத்து எண்ணெய் ஊசி. வலி மிகுதி, பயன் குறைவு.

மலாயாவில் நோய் கண்டவர்களைக் கட்டாயமாகப் பிரித்துவைக்கும் சட்டம் 1926இல் வந்தது. கெடாவின் கரங்கான், கூலிம் வட்டாரத் தோட்டங்களுக்கு அருகிலிருந்த தொழுநோய்க் குடியிருப்பு பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவு. நாட்டிலேயே பெரிய குடியிருப்பு 1930இல் திறந்த சுங்கை பூலோ. தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்த குடும்பத்துக்குப் பிரிவுதான் நோயைவிடக் கொடியது. பின்னாளில் வந்த, வீட்டிலிருந்தே விழுங்கக்கூடிய மலிவான டாப்சோன் மாத்திரை அந்தப் பிரிவுக்கு இருந்த மருத்துவக் காரணத்தைத் தகர்த்தது. டாப்சோனின் பெருமை முதலில் இதுவே. ஆனால் தனி மருந்தாக ஆண்டுக்கணக்கில் கொடுத்ததால் கிருமி பழகிக்கொண்டது. அந்த எதிர்ப்புத்திறனை 1964இல் பெட்டிட், ரீஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சுங்கை பூலோ நோயாளிகளிடமே மெய்ப்பித்தனர்.

வெள்ளணுவின் கதை பின்னால் வந்தது. நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கும். மையலோபெராக்சிடேஸ் நொதி அந்தப் பெராக்சைடை, சலவைத் தூளில் உள்ளது போன்ற ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாற்றிக் கிருமியைக் கொல்லும். அளவு மீறினால் சொந்தத் திசுவே வேகும். டாப்சோன் இந்த நொதியைத் தடுக்கிறது என்று 1978இல் ஸ்டெண்டால், மோலின், டால்கிரென் ஆகியோர் காட்டினர். கிருமியே இல்லாத சில கொப்புளத் தோல்நோய்களிலும் இம்மருந்து பலிப்பது இதனால்தான் எனக் கருதப்படுகிறது.

சிவப்பணுவில் நிலைமை தலைகீழ். கல்லீரலில் டாப்சோனிலிருந்து உண்டாகும் ஹைட்ராக்சிலமீன் என்ற வழிப்பொருள் அங்கே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகிறது. அது மிகுந்தால் உதடு நீலம்பாரிக்கும், எடுத்த இரத்தம் காற்றுப்பட்டும் சிவக்காமல் சாக்லேட் நிறத்திலேயே இருக்கும். ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து சோகையும் மஞ்சள்காமாலையும் வரலாம். மலேசியாவில் இக்குறைபாட்டைப் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். டாப்சோன் தொடங்குமுன் அந்த முடிவைக் கேட்டறிவது அவசியம்.

தனி மருந்துக்குக் கிருமி பழகிக்கொண்டதால், 1982இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோனோடு அதில் சேர்ந்த குளோஃபாசிமின், ஆய்வகச் சோதனைகளில், நியூட்ரோஃபில்களின் சூப்பராக்சைடு வெளியீட்டைக் கூட்டுகிறது.