ஓய்வெடுக்க ஒரு மலை

உடல்நலம் குன்றி எழுந்த எனக்கு மருத்துவர் ஓய்வைப் பரிந்துரைத்தார். நண்பர்கள் கொடைக்கானலுக்குப் போகச் சொன்னார்கள். நான் சென்றதோ ஜவ்வாது மலைக்கு. போளூரில் பேருந்தேறி ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது மூன்று நாள் தங்குவதாகத்தான் எண்ணம். சாமை வயல்களும் பலா மரங்களும் மாலைக் குளிரும் என்னை இரண்டு வாரம் நிறுத்திவிட்டன.

நடந்து திரிந்த அந்நாள்களில் ஒரு வினா என்னைத் தொடர்ந்தது. இத்துணை எழிலார்ந்த மலையில், உதகையிலும் ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் எழுந்ததுபோல் வெள்ளையரின் கோடைநகர் ஒன்று ஏன் எழவில்லை?

கொடைக்கானலின் வரலாற்றில் இதற்கு விடை உண்டு. 1845ஆம் ஆண்டு அங்கே முதல் வீடுகளைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்கள். இன்பச் சுற்றுலாவுக்காக அவர்கள் மலையேறவில்லை. சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம்மவரைப் பறிகொடுத்த துயரமே அவர்களை மேலே துரத்தியது. காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணம் என்று அன்று நம்பினர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான். நம்பிக்கை தவறாயினும் மருந்து பலித்தது. குளிர் மிகுந்த உயரங்களில் அக்கிருமி கொசுவின் உடலில் முதிர்வதில்லை. கொடைக்கானலின் உயரம் 2,000 மீட்டருக்கு மேல். ஜவ்வாது மலையின் பெரும்பகுதியோ 1,000 மீட்டரையும் எட்டுவதில்லை. காய்ச்சலுக்கு அஞ்சி வந்தோர்க்கு இந்த உயரம் போதவில்லை.

கொடைக்கானல் வளர்ந்தது. மதுரை ஆட்சியராகப் பணியாற்றிய வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஏரியை உருவாக்கினார். 1895இல் சேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரி செண்பகனூரில் எழுந்தது. ஆனால் ஊர்திச் சாலை அமைந்ததோ 1910களில்தான். அதுவரை துரைமாரும் அவர்தம் குடும்பத்தாரும் டோலிகளிலும் நாற்காலிகளிலும் அமர்ந்து, கூலியாள்களின் தோள்மீதேறியே மலையை அடைந்தனர். அவர்கள் பெற்ற ஓய்வுக்கு வேறு சிலர் வியர்வை சிந்தினர். ஊரை எழுப்பியவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. சுமந்தவர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

நகரம் எழாததால் ஜவ்வாது மலைக்கு வேறொரு பேறு வாய்த்தது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வு நிலையத்திற்கு 1960இல் பொறுப்பேற்றவர் வைணு பாப்பு. கதிரவனை ஆராய ஏற்றதாயிருந்த அம்மலையின் இரவுகளைப் பருவமழை மேகங்கள் நெடுங்காலம் மூடின. தெளிந்த இரவையும் இருண்ட வானையும் தேடிய அவர், 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரைத் தேர்ந்துகொண்டார். 1968இல் சிறிய தொலைநோக்கி ஒன்றுடன் அங்கே பணி தொடங்கியது. 1986இல் அர்ப்பணிக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு, நான்கு ஆண்டுகளுக்கு முன் மறைந்துவிட்ட அவர் பெயரே சூட்டப்பட்டது. 1988இல் காவலூரில் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று கணிதமேதை இராமானுஜன் பெயரைத் தாங்குகிறது.

நான் தங்கிய வீட்டு முற்றத்தில் இரவுதோறும் அந்த வானத்தை அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தேன். ஒருநாள் அருகிலிருந்த மலையாளிப் பெரியவரிடம், "எவ்வளவு அமைதி!" என்றேன். மலையாளிகள் என்போர் கேரளத்தார் அல்லர். தமிழ் பேசும் இம்மலையின் பழங்குடியினர். அவர் சிரித்தார். "களைச்சுப் போனா நீங்க மேல ஏறி வர்றீங்க சாமி. நாங்க பிழைக்கணும்னா கீழ இறங்கிப் போறோம்" என்றார். தம் பிள்ளைகள் இருவரும் கூலி வேலைக்குச் சமவெளி சென்றிருப்பதை அதன் பிறகே சொன்னார்.

விண்மீன் காண்போர்க்கு இருள் வரம். நோயாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்குவோர்க்கு அது வரமன்று. 2023 மே மாதம், இதே மலைத்தொடரின் வேலூர்ப் பகுதியில், அல்லேரி மலையின் சிற்றூர் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. சரியான சாலை இல்லாததால் மருத்துவமனை சேருமுன் அக்குழந்தை இறந்தது. திரும்புகையில் ஊர்தி பாதிவழியில் நின்றுவிட, பெற்ற தாய் அச்சிற்றுடலைச் சுமந்து நடந்தாள். டோலிகள் மறைந்துவிட்டன என எண்ணியிருந்தேன். ஒருகாலத்தில் அவை ஓய்வுக்காக மேலேறின. நம் காலத்திலும் உயிருக்காகக் கீழிறங்கிக்கொண்டிருக்கின்றன.

ஓய்வுநாள் கட்டளையைக் குருத்துவக் கல்லூரியில் பயின்றபோது ஒன்றை நான் ஊன்றி நோக்கவில்லை. அக்கட்டளை வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. பணியாளனையும் பணிப்பெண்ணையும் அந்நியனையும் கால்நடையையும் பெயர்சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. தனக்கென மட்டும் ஒருவன் தேடும் ஓய்வை மறைநூல் ஓய்வென ஏற்பதில்லை.

அன்பு வாசகரே, கோடையில் நீங்களும் ஏதேனும் ஒரு மலைக்குச் செல்லக்கூடும். மனமாரச் சென்று ஓய்வெடுங்கள். களைத்த உடலுக்கு அது தேவை. அங்கே உங்களுக்குச் சோறு சமைப்பவரிடம், அவர் ஊருக்குச் சாலை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பதினான்கு நாள் அவர்கள் உணவை உண்ட நான், அதைக் கேட்டது பேருந்தேறும் நாளில்தான்.