பலகையும் பாயும் காற்றும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், தோட்டத்துப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போர்ட்டிக்சனுக்கோ பினாங்கு பத்து ஃபிரிங்கிக்கோ போய்வருவது நம் குடும்பங்களின் வழக்கம். அங்கே கடலில் ஒருவர் பலகைமேல் நின்று, ஒற்றைப் பாயைக் கையில் பிடித்தபடி விரைந்து செல்வதைப் பார்த்திருப்போம். விண்ட்சர்ஃபிங் எனப்படும் அந்த விளையாட்டைக் காற்றுப்பலகை என்று தமிழில் வைத்துக்கொள்வோம். "அது பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம். அது சரிதானா என்று இன்று பார்ப்போம்.

இந்தப் பலகையின் வயது அதிகமில்லை. அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர் 1964இல் பாய் கட்டிய பலகை ஒன்றைச் செய்தார். 1968இல் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்ற இருவர் தாங்கள் செய்த பலகைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். பாய்மரத்தின் அடியை எப்பக்கமும் சாயும் மூட்டினால் பலகையோடு இணைத்ததே அதன் சிறப்பு. சுக்கான் கிடையாது. பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும்.

பின்னர் அந்தக் காப்புரிமை இங்கிலாந்தில் வழக்குக்கு வந்தது. 1958இலேயே, தென் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில், பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் பலகையில் பாய் கட்டி ஓட்டி விளையாடியது அங்கே சான்றாக வைக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காப்புரிமை இங்கிலாந்தில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனத்தின் உரிமைக்கு எதிராக நின்றது ஒரு பையனின் விளையாட்டு! இதற்கிடையே 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டியிலும் காற்றுப்பலகை இடம்பெற்றுவிட்டது.

பலகை புதிது. ஆனால் அதை ஓட்டும் காற்று நமக்குப் புதிதல்ல. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று திசைதோறும் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். அந்தக் காற்றை நம்பித்தான் பாய்க்கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்தன. 671இல் சீனாவிலிருந்து புறப்பட்ட இ-சிங் என்ற பௌத்தத் துறவி, ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிப் படித்தார். பிறகு கடாரம், அதாவது இன்றைய கெடா வழியாக இந்தியாவுக்குச் சென்றார்.

மலாக்கா பெருந்துறைமுகம் ஆனதற்கும் காற்று ஒரு முக்கியக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்றோடு இந்தியக் கப்பல்கள் வந்தன. வடகிழக்குக் காற்றோடு சீனக் கப்பல்கள் வந்தன. திரும்புவதற்கு எல்லாரும் காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் சந்தை வளர்ந்தது, குடும்பங்களும் உருவாயின. மலாக்காச் செட்டிகள் அப்படி வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களே. பின்னர் நீராவிக் கப்பல் வந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் வந்த நம்மவர்கள் காற்றுக்காகக் காத்திருக்கவில்லை. காற்றைப் பார்க்கும் பழக்கமும் மெல்ல மறைந்தது.

இன்றும் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அந்த அறிவு தேவை. நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் வடகிழக்குக் காற்று பலமாக வீசும். செராத்திங், டெசாரு கடற்கரைகளில் அலை உயரும். தேர்ந்த பலகைக்காரர்கள் காத்திருக்கும் காலம் அது. நம் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக்கூடாத காலமும் அதுவே. அதே மாதங்களில் போர்ட்டிக்சன் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஒருபக்கம் நம் நடுமலைத்தொடரும் மறுபக்கம் சுமத்ரா தீவும் அந்தக் கடலை மறைத்து நிற்பதே காரணம். அங்கே பகலில் கடற்காற்றும், இரவில் நிலக்காற்றும் மாறிமாறி வீசும்.

அதற்காக மேற்குக் கரையை முழுதும் நம்பிவிடக் கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியுமுன் சுமத்ராக் காற்று திடீரென்று மழையோடு வந்து மோதும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்திலும் வீசும். இதைப் பால்மரம் வெட்டிய நம் பெற்றோருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரம் நனைந்தால் அன்று வெட்டு இல்லை, கூலியும் குறையும் என்பதால், இருட்டிலேயே எழுந்து மேற்கு வானத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். மாலுமி பார்த்த அதே வானத்தைத்தான் அவர்களும் பார்த்தார்கள்.

ஆகவே, பெற்றோர்களே! அடுத்த முறை கடற்கரையில் இறங்கியதும் பிள்ளைகளிடம், "காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால், தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் மிதப்பவரை அது வெளியே இழுத்துச் சென்றுவிடும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்க வேண்டாம். பலகை கற்க விரும்பும் பிள்ளை முதலில் நீச்சல் கற்கட்டும்; மிதவை அங்கி அணியட்டும். நடுக்கடலில் காற்று நின்றுவிட்டால் பலகையை விட்டு நீந்தி வரக் கூடாது. பலகை மிதக்கும், அதைப் பற்றிக்கொண்டே உதவி கேட்க வேண்டும்.

பலகைக்கும் பாய்க்கும் விலை உண்டு. காற்றை அறிவதற்கு விலை இல்லை. அந்த அறிவு நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.