பகல் உறக்கம்: வரலாறும் நன்மை தீமைகளும்

பகல் உறக்கம் என்பது, இரவில் உறங்கும் வழக்கமுடைய ஒருவர் பகலில், பெரும்பாலும் மதிய உணவுக்குப் பின், சிறிது நேரம் உறங்குவதாகும். பேச்சுவழக்கில் இது மதியத் தூக்கம், குட்டித் தூக்கம் என்றெல்லாம் வழங்கப்படுகிறது. 'உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு' என்று இதை இயல்பானதாக ஏற்கும் பழமொழி தமிழில் உண்டு. பகலில் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்று ஏசும் வழக்கமும் அதே தமிழில் உண்டு. இந்த இரு பார்வைகளும் உலகின் பல பகுதிகளில் நெடுங்காலமாக அருகருகே இருந்து வந்துள்ளன. பகல் உறக்கம் நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு வரலாறு ஒரே விடையைத் தரவில்லை. யார் உறங்குகிறார், எப்போது, எவ்வளவு நேரம், எந்த நிலையில் என்பவற்றைப் பொறுத்தே விடை மாறி வந்துள்ளது.

உச்சிப்பொழுது ஓய்வு

பகல் உறக்கத்தைக் குறிக்க உலகெங்கும் அறியப்பட்ட சொல் 'சியெஸ்டா' என்னும் ஸ்பானியச் சொல்லாகும். 'ஆறாம் மணி' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து இது பிறந்தது. பண்டைய உரோமானியர் சூரிய உதயம் முதல் மறைவு வரையிலான பொழுதைப் பன்னிரண்டு மணிகளாகப் பகுத்தனர். அதில் ஆறாம் மணி உச்சிப்பொழுதைக் குறித்தது. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்குமுறையில், ஈஸ்டர் முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஆறாம் மணிக்குப் பின் உணவு முடித்துப் படுக்கையில் அமைதியாக ஓய்வெடுக்க இடம் அளிக்கப்பட்டது. படிக்க விரும்புபவர் பிறருக்குத் தொல்லை தராமல் படிக்கலாம். உழைப்பையும் வழிபாட்டையும் மணிக்கணக்கில் வரையறுத்த ஒரு மடத்து விதி, கோடைப் பகலில் உறக்கத்துக்கும் இடம் ஒதுக்கியது குறிப்பிடத்தக்கது.

இசுலாமிய மரபில் நண்பகல் ஓய்வு 'கைலூலா' எனப்படுகிறது. பிறருடைய அறைக்குள் அனுமதி பெறாமல் நுழையக் கூடாத மூன்று பொழுதுகளைக் குறிப்பிடும் திருக்குர்ஆன், அவற்றுள் ஒன்றாக மேலாடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல் வேளையையும் சேர்க்கிறது. வெப்பம் மிகுந்த நாடுகளில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது வேலையை நிறுத்தி, விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னும் உழைப்பதே வேளாண் வாழ்க்கைக்குப் பொருந்திய முறையாக இருந்தது.

இந்திய மருத்துவ நூல்களில்

இந்திய மருத்துவ மரபுகள் பொதுவாகப் பகல் உறக்கத்தை ஆதரிக்கவில்லை. தேரையர் பாடியதாகக் கூறப்படும் சித்த மருத்துவப் பாடலான 'பிணியணுகா விதி', நோயின்றி வாழ விரும்புபவர் விலக்க வேண்டியவற்றுள் ஒன்றாகப் பகல் உறக்கத்தைச் சொல்கிறது. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் கோடை தவிர்ந்த பருவங்களில் பகல் உறக்கம் கபத்தையும் பித்தத்தையும் மிகுவிக்கும் என்கிறது. தலைவலி, உடல் பாரம், பசிக்குறைவு முதலியன அதனால் வரும் என்றும் அது எச்சரிக்கிறது. உடல் பருத்தவர்களும் கொழுப்புணவை மிகுதியாக உண்பவர்களும் பகலில் உறங்கவே கூடாது என்பது அந்நூலின் விதி.

ஆனால் சரகர் தரும் விலக்குப் பட்டியல் நீளமானது. கோடையில் இரவு குறுகியது என்பதால் அப்பருவத்தில் பகல் உறக்கம் அனுமதிக்கப்படுகிறது. முதியோர், சிறுவர், மெலிந்தோர், அடிபட்டோர், துயரத்தில் இருப்போர், இரவில் கண்விழித்தோர், படிப்பால் களைத்தோர், சுமை சுமந்தோர், நெடுவழி நடந்தோர் ஆகியோர் எப்பருவத்திலும் உறங்கலாம். அதாவது, உழைத்தவருக்கு மருந்தாக இருக்கும் உறக்கம் உண்டு கொழுத்தவருக்கு நோயாகிறது என்பதே அந்நூலின் நிலைப்பாடு.

பங்கா இழுத்தவர்கள்

உழைத்தவருக்கு உறக்கம் என்ற இந்த வரிசை குடியேற்றவாதக் காலத்தில் தலைகீழானது. பிரித்தானிய ஆட்சியில் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர் பலர் கோடையின் மதிய வேளையில் வீட்டுக்குள் அடைந்து உறங்குவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். அவர்களுக்குக் காற்று வர, கூரையிலிருந்து தொங்கவிடப்பட்ட பெரிய துணி விசிறியான 'பங்கா' பயன்பட்டது. அதை அசைக்கும் கயிற்றை வெளியே அமர்ந்து மணிக்கணக்கில் இழுத்தவர் ஏழை இந்தியத் தொழிலாளி. கை ஓய்ந்தபோது கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு இழுத்தவர்களும் உண்டு.

இழுப்பவர் கண்ணயர்ந்தால் காற்று நிற்கும். உள்ளே இருப்பவர் விழித்துக்கொள்வார். அதற்காகப் பங்கா இழுப்பவர்கள் அடித்து உதைக்கப்பட்டதும், சிலர் அந்த உதையால் உயிரிழந்ததும் அக்கால நீதிமன்ற வழக்குகளில் பதிவாகியுள்ளன. ஒரே வெயிலில், ஒரே வேளையில் வந்த தூக்கம் ஒருவருக்கு ஓய்வாகவும் இன்னொருவருக்குக் குற்றமாகவும் கருதப்பட்டது. மின்விசிறி பரவிய பின்னரே இத்தொழில் படிப்படியாக மறைந்தது.

ஆலையும் கடிகாரமும்

தொழிற்புரட்சி, வேலையைச் சூரியனிடமிருந்து பிரித்துக் கடிகாரத்துடன் இணைத்தது. இயந்திரம் ஓடும் வரை தொழிலாளி நிற்க வேண்டும் என்ற ஆலை ஒழுங்கில் பகல் உறக்கத்துக்கு இடமில்லை. உணவுக்கான இடைவேளையைக்கூடச் சட்டம் போட்டே பெற வேண்டியிருந்தது. இந்தியாவில் 1891ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நண்பகலுக்கும் 2 மணிக்கும் இடையில் அரை மணி நேரம் வேலையை நிறுத்த வேண்டும் என்று விதித்தது. பின்னர் வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், குறைந்தது அரை மணி நேர இடைவேளை இன்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. 150 பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலைகளில் ஓய்வறையும் உணவறையும் அமைக்க வேண்டும் என்றும் அது கூறியது. எனினும் கை கழுவி, வரிசையில் நின்று, சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்த அரை மணி பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

ஸ்பெயினின் அனுபவம்

பகல் உறக்கத்தின் தாயகமாகக் கருதப்படும் ஸ்பெயினிலும் அவ்வழக்கம் சிக்கலுக்கு உள்ளானது. 1940 மார்ச்சில் பிராங்கோவின் அரசு நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, மத்திய ஐரோப்பிய நேரத்துடன் இணைத்தது. அந்த மாற்றம் இன்றுவரை நீடிக்கிறது. இதனால் கோடையில் மாட்ரிட் நகரில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறத்தாழ 2.15 மணிக்குத்தான். மதிய உணவும் இரவு உணவும் அதற்கேற்பத் தள்ளிப்போயின.

நகரங்கள் பெருகியபோது வீடும் பணியிடமும் ஒன்றையொன்று விட்டு விலகின. இரண்டு மூன்று மணி நேர மதிய இடைவேளை கிடைத்தாலும், பலரால் வீட்டுக்குச் சென்று உறங்கித் திரும்ப இயலவில்லை. உறக்கம் போயிற்று, இடைவேளை மட்டும் எஞ்சியது. அதை ஈடுகட்ட வேலை இரவு 8 மணி வரை நீண்டது. பெற்றோர் தாமதமாக வீடு திரும்பினர். இரவு உறக்கமும் குறைந்தது. இந்த நிலையை மாற்ற, 2006 முதல் மத்திய அரசு அலுவலகங்களில் பணியை மாலை 6 மணிக்குள் முடிக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. மறுபுறம், 2015ஆம் ஆண்டில் வலென்சியா பகுதியின் சிற்றூரான அதோர், கோடையில் பிற்பகல் 2 முதல் 5 மணி வரை ஊரார் அமைதி காத்து ஓய்வெடுக்க வேண்டும் என அறிவித்தது. வயலுக்கு அருகில் வாழும் ஊருக்குப் பொருந்திய வழக்கம் பெருநகருக்குப் பொருந்தவில்லை என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

மதியத்தில் தூக்கம் வருவது ஏன்?

மதியச் சோர்வுக்கு உணவே காரணம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. வயிறு நிறைய உண்பது சோர்வை மிகுவிக்கும் என்பது உண்மையே. ஆயினும் மதிய உணவைத் தவிர்த்தவர்களிடமும் பிற்பகலில் விழிப்புத்தன்மை சற்றுக் குறைவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

உறக்கத்தை இரு செயல்முறைகள் ஆள்வதாக 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக் கூட வளரும் உறக்க அழுத்தம். மூளையில் சேரும் அடினோசின் என்னும் வேதிப்பொருளுக்கு இதில் பங்குண்டு. மற்றொன்று, ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் இயங்கும் உடலின் உள்கடிகாரம். காலை முதல் வளர்ந்துவந்த உறக்க அழுத்தத்துக்கு, பிற்பகலில் உள்கடிகாரத்தின் விழிப்புத் தூண்டல் முழுமையாக ஈடுகொடுக்காதபோது கண் சொருகுகிறது.

நன்மைகள்

குறுகிய பகல் உறக்கம் விழிப்புத்தன்மையையும் கவனத்தையும் கூட்டுகிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, நெடுந்தூர விமானங்களின் ஓட்டுநர்களிடம் மேற்கொண்ட ஆய்வின் முடிவை 1994இல் வெளியிட்டது. மற்றவர்கள் விமானத்தைச் செலுத்திக்கொண்டிருக்க, ஓட்டுநர் ஒருவருக்கு இருக்கையிலேயே 40 நிமிட ஓய்வு தரப்பட்டது. அதில் அவர்கள் சராசரியாக 26 நிமிடங்கள் உறங்கினர். ஓய்வு பெறாத குழுவினருடன் ஒப்பிட, இவர்களிடம் விழிப்புத்தன்மையும் செயல்திறனும் சிறப்பாக இருந்தன. விமானம் தரையிறங்கும் கட்டத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது.

ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் 5, 10, 20, 30 நிமிட உறக்கங்களை ஒப்பிட்டனர். இரவில் ஐந்து மணி நேரமே உறங்கியிருந்தவர்களுக்கு 10 நிமிட உறக்கம் உடனடிப் பயனைத் தந்தது. ஜப்பானின் நலவாழ்வு அமைச்சகம் 2014இல் வெளியிட்ட உறக்க வழிகாட்டியும், இரவில் போதிய உறக்கம் பெறாத தொழிலாளர்கள் பிற்பகலின் தொடக்கத்தில் 30 நிமிடத்துக்கு உட்பட்டு உறங்குவது வேலைத்திறனுக்கு நல்லது என்றது.

கிரேக்க நாட்டில் 23,681 பேரைச் சராசரியாக ஆறு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், தவறாமல் பகலில் உறங்குபவர்களிடம் இதய நோய் மரணங்கள் 37 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டன. எனினும், இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, உறக்கம்தான் காரணம் என்று நிறுவுவதில்லை.

தீமைகள்

உறக்கம் 30 நிமிடத்தைத் தாண்டும்போது ஆழ்ந்த நிலைக்குச் செல்லும் வாய்ப்பு கூடுகிறது. அந்நிலையில் எழுப்பப்படுபவர் சிறிது நேரம் தடுமாற்றத்துடனும் தலைபாரத்துடனும் இருப்பார். இது 'உறக்க மந்தம்' எனப்படுகிறது. வண்டி ஓட்டுபவரும் இயந்திரத்தில் வேலை செய்பவரும் எழுந்த உடனே பணிக்குத் திரும்புவது ஆபத்தானது. மாலை நெருங்கும் வேளையில் நீண்ட நேரம் உறங்கினால் உறக்க அழுத்தம் தணிந்து, இரவில் தூக்கம் வராமல் போகும். இதனாலேயே தூக்கமின்மையால் அவதிப்படுபவர்கள் பகல் உறக்கத்தைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட அன்றாடப் பகல் உறக்கம், நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுடன் தொடர்புடையதாகப் பல ஆய்வுகளில் காணப்படுகிறது. இங்கும் எது காரணம், எது விளைவு என்பது தெளிவாக இல்லை. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், மனச்சோர்வு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் ஆகியவையும் ஒருவரைப் பகலில் தூங்க வைக்கும். ஆகவே வழக்கத்துக்கு மாறாகப் பகலில் மிகுதியாகத் தூக்கம் வருபவர், அதை அடக்க முயல்வதைவிட மருத்துவரை அணுகிக் காரணத்தை அறிவதே நல்லது.

சென்னை ஆய்வு

பகல் உறக்கம் பற்றிய அண்மைக்கால ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று சென்னையில் நடந்தது. வருவாய் குறைந்த 452 பேரை ஒரு மாதம் தரவுப் பதிவு வேலையில் அமர்த்தி நடத்தப்பட்ட இதன் முடிவுகள் 2021இல் வெளியாயின. இவர்கள் இரவில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும், ஐந்தரை மணி நேர அளவே உறங்கினர்; ஒரே இரவில் பலமுறை விழித்தனர். காதடைப்பான், மின்விசிறி, மெத்தை போன்ற உதவிகள் மூலமும் ஊக்கத்தொகை மூலமும் இரவு உறக்கம் சராசரியாக 27 நிமிடங்கள் கூட்டப்பட்டது. ஆனால் வேலைத்திறனிலோ வருவாயிலோ முன்னேற்றம் தெரியவில்லை. மாறாக, பணியிடத்தில் பிற்பகலில் அரை மணி நேரம் உறங்க இடம் பெற்றவர்களிடம் கவனமும் வேலைத்திறனும் மனநலனும் மேம்பட்டன.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. அந்த அரை மணியிலும் வேலை செய்தவர்களைவிட உறங்கியவர்களின் மொத்த வருவாய் குறைந்தது. திறன் கூடினாலும், இழந்த நேரத்துக்கு அது முழுதாக ஈடாகவில்லை. செய்யும் வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறும் ஒருவருக்குப் பகல் உறக்கம் உடலுக்கு நன்மையாகவும் கைக்காசுக்கு இழப்பாகவும் அமைகிறது.

மதிப்பீடு

பகல் உறக்கத்தை முற்றிலும் விலக்குவதற்கோ, எல்லோருக்கும் பரிந்துரைப்பதற்கோ இன்றைய அறிவு இடம் தரவில்லை. பிற்பகல் 3 மணிக்கு முன், 10 முதல் 20 நிமிடம் வரை உறங்குவது பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. இரவில் உறக்கம் குறைந்தவருக்கு அது பயன் தரும். இரவில் தூக்கம் வராதவருக்கும், பகலில் நெடுநேரம் உறங்குபவருக்கும் அது நன்மை செய்வதில்லை. ஆளையும் பொழுதையும் பார்த்து விதி சொன்ன சரகரின் அணுகுமுறையும் ஏறக்குறைய இவ்வாறே அமைந்திருந்தது.

சுமை சுமந்தவரும் இரவில் கண்விழித்தவரும் அவருடைய பட்டியலில் இடம் பெற்றிருந்தனர். இன்று பகல் உறக்கம் மிகத் தேவைப்படும் இரவுப்பணி ஊழியர், கட்டடத் தொழிலாளி, ஓட்டுநர் ஆகியோருக்கே அதற்கான இடமும் நேரமும் அரிதாகக் கிடைக்கின்றன. பணிநேரத்தில் சம்பளம் குறையாமல் ஓய்வு தருவது யார் பொறுப்பு என்பது, பங்காக் கயிறு அறுந்த பின்னும் தீராத கேள்வியாகவே உள்ளது.